முதல் முறை விழுந்த அன்றே கேளுங்கள்
சூலூர் வட்டார முதியோர் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

கோவை மாவட்ட ஆட்சியருக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், சூலூர் வட்டாரத்தின் பேரூராட்சி, ஊராட்சி நிர்வாகங்களுக்கும், எங்கள் பிள்ளைகளுக்கும்:

சூலூர், கண்ணம்பாளையம், பள்ளபாளையம், கலங்கல், காடாம்பாடி, செலக்கரச்சல் என்று இந்த வட்டாரத்து ஊர்களில் சொந்த வீட்டில் இருந்தபடியே முதுமை அடைந்தவர்கள் நாங்கள். தறி ஓட்டியவர்கள், மில்லில் ஷிப்ட் பார்த்தவர்கள், தோட்டத்தில் தண்ணீர் கட்டியவர்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர்கள். எங்களைப் பார்த்துக்கொள்ளும் மகள்களும் மருமகள்களும் பேரன்களும் எங்களோடு சேர்ந்தே இதை முன்வைக்கிறார்கள். முதியோர் இல்லம் கேட்டு நாங்கள் வரவில்லை. எங்கள் வீட்டில், எங்கள் கட்டிலில், எங்கள் காலில் இருக்க விரும்புகிறோம். அதற்கு இடைஞ்சலாக நிற்பது பெரும்பாலும் பெயர் தெரியாத நோய் எதுவும் இல்லை. விழுவதுதான். அதிலும், ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழுவது.

முதல் தடவை விழப்போவதை யாராலும் சொல்ல முடியாமல் போகலாம். இரண்டாவது தடவை அப்படியல்ல. ஒருமுறை விழுந்தவர் திரும்ப விழும் வாய்ப்பு, விழாதவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து அடிபட்டு இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 80 சதவீதத்துக்கு மேல் நம்மைப் போன்ற நடுத்தர, ஏழை நாடுகளில். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2031-இல் அது 18 சதவீதத்தைத் தாண்டும் என்கிறது மத்திய அரசின் கணிப்பு. ஆகவே இது எங்கள் தலைமுறையோடு முடிகிற பிரச்சினை அல்ல.

இப்போது நடப்பதைச் சொல்லிவிடுகிறோம். எழுபத்தைந்து வயது ஆத்தா ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுப் பின்புறத்துப் பொடக்காளிப் பக்கம் போகும்போது விழுகிறார். மணிக்கட்டு ஒடிகிறது. காலையில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறார்கள். எக்ஸ்ரே, மாவுக்கட்டு, வலி மாத்திரை, ஆறு வாரம் கழித்து வரச் சொல்லி ஒரு சீட்டு. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டால், "வழுக்கி உழுந்துட்டனுங்க" என்பார். கேஸ் ஷீட்டில் அதையே எழுதுவார்கள். விசாரணை அதோடு முடிந்தது. அந்த நேரத்தில் ஏன் எழுந்தார், நீர் மாத்திரையைச் சாயங்காலம் போட்டதாலா? எழுந்ததும் கிறுகிறுவென்று வந்ததா? சர்க்கரையால் பாதம் மரத்துத் தரையின் ஈரம் தெரியாமல் போனதா? கண்ணில் புரை இருக்கிறதா? தூக்க மாத்திரையை எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறார்? போன மாதமும் ஒருமுறை விழுந்து யாரிடமும் சொல்லாமல் மறைத்தாரா? ஒருவரும் கேட்பதில்லை. கை கூடிவிடுகிறது. அதே படி, அதே பாசி, அதே தேய்ந்த செருப்பு, அதே மாத்திரை இருக்கிற வீட்டுக்குத்தான் அவர் திரும்பிப் போகிறார். ஒரு கையில் கட்டோடு, முன்னைவிடத் தள்ளாட்டமாக. அடுத்த முறை ஒடிவது இடுப்பாக இருக்கலாம்.

மருத்துவர்கள் மேல் பழி போடவில்லை. எலும்பைச் சேர்ப்பது எலும்பு மருத்துவர் வேலை. ஏன் விழுந்தார் என்று கேட்பது யார் வேலை என்று இதுவரை யாரும் முடிவு செய்யவில்லை. எங்கள் குறை அதுதான்.

கேட்டால் பலன் உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு 1999-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. விழுந்து அவசரப் பிரிவுக்கு வந்த, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 397 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு, விழுந்த காரணத்தைத் தேடி முழுப் பரிசோதனை, பிறகு ஒருவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துத் திருத்தம் சொன்னார். அடுத்த ஒரு வருடத்தில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் 510 தடவை விழுந்தார்கள். காரணம் தேடப்பட்டவர்கள் 183 தடவை. பெரிய எந்திரமோ புது மருந்தோ அதில் இல்லை. கேள்வி கேட்டார்கள், வீட்டைப் பார்த்தார்கள்.

எங்கள் முதல் கோரிக்கை அதிலிருந்து வருகிறது. 60 வயதைத் தாண்டியவர் யார் விழுந்து வந்தாலும் அது பதிவாக வேண்டும். சூலூர் அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையங்கள், தனியார் கிளினிக்குகள், 108 ஆம்புலன்ஸ் என்று எங்கே வந்தாலும் சரி. எங்கே விழுந்தார், எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தார், நினைவு தப்பியதா, தரையில் எவ்வளவு நேரம் கிடந்தார், கடந்த ஒரு வருடத்தில் இதற்கு முன்பு விழுந்ததுண்டா. இவ்வளவுதான் கேள்வி. எழுத இரண்டு நிமிடம் ஆகும். சம்மதம் கேட்டு, அந்தப் பதிவை அவரவர் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தால், திருச்சி ரோட்டில் வண்டி மோதி விழுந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. எந்த ஊர், என்ன வருமானம் என்று பார்ப்பதில்லை. அந்தத் திட்டத்தால் பிழைத்தவர்கள் எங்கள் வீடுகளிலும் இருப்பார்கள். அதற்கு நன்றி சொல்கிறோம். அதே திருச்சி ரோட்டை ஒட்டிய வீட்டுக்குள் விழுந்தவரை மட்டும் ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை? ரோட்டில் விழுந்தால் விபத்து, வீட்டில் விழுந்தால் வயசு என்று வைத்திருக்கிறோம். "வயசாயிருச்சு, உழத்தான் செய்வாங்க" என்ற பேச்சை அரசாங்கம் முதலில் விட வேண்டும். பிறகு நாங்களும் விட்டுவிடுகிறோம்.

மருத்துவமனைக்கே வராமல் நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொள்பவர்கள் இங்கே ஏராளம். எலும்பு முறியாததால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுபவர்கள் அவர்களைவிட அதிகம். அவர்களையும் பிடிக்க வேண்டுமானால் வீட்டுக்கு வருகிறவர்தான் கேட்க முடியும். வருகிறவர் ஏற்கெனவே இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அந்த நாளிலிருந்து பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வாசலுக்கு வருகின்றன. கொண்டுவரும் பெண்ணிடம் பிரஷர் பார்க்கும் கருவி இருக்கிறது. எங்களை ஆத்தா, அய்யா என்று கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்க்கிறார். அவர் இன்னும் மூன்று கேள்வி கேட்டால் போதும்: இந்த ஒரு வருடத்தில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தள்ளாடுகிறதா? விழுந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறதா? 2022-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட விழுதல் தடுப்பு வழிகாட்டுதலிலும் இந்த மூன்று கேள்விகளே இருக்கின்றன. இந்தக் கூடுதல் வேலைக்கு அந்தப் பெண்களுக்குக் கூடுதல் ஊக்கத்தொகை கொடுக்க வேண்டும் என்பதையும் இந்தச் சாசனத்திலேயே சேர்க்கிறோம். அவர்கள் வாங்கும் தொகை இப்போதே குறைவு.

இன்னொன்றும் அவர் செய்ய வேண்டும். உட்கார்ந்து பார்க்கிற பிரஷர் மட்டும் எங்களுக்குப் போதாது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால், அந்த முதியவர் கட்டிலை விட்டு எழும் ஒவ்வொரு முறையும் விழக்கூடியவர். பல வீடுகளில் எங்கள் மாத்திரைகள் ஒரு கேரிபேக் நிறைய இருக்கின்றன. பிரஷருக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒருவர், சிறுநீர் அடைப்புக்கு ஒருவர், தூக்கத்துக்கு எப்போதோ எழுதிய அல்பிரசோலம் கடையில் கேட்டு வாங்கிக்கொண்டே இருப்பது. ஒவ்வொன்றும் அதனதன் நோய்க்குச் சரிதான். சேர்ந்தால் ஆளைச் சாய்க்கின்றன. விழுந்தவர் ஒருவரின் மாத்திரைப் பை முழுவதையும் ஒரே மருத்துவர் மேசையில் கொட்டிப் பார்த்து, எது வேண்டும், எதை இரவிலிருந்து காலைக்கு மாற்றலாம், எதை மெல்ல மெல்ல நிறுத்தலாம் என்று முடிவு செய்ய ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள் ஒதுக்குங்கள். தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. அதனால்தான் மருத்துவர் கையில் விடச் சொல்கிறோம்.

அடுத்தது வீடு. இந்தக் கோரிக்கைதான் எங்களுக்கு முக்கியமானது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கழிப்பறை பொடக்காளியில் இருக்கும். ஆசாரம் என்கிற கூடத்தைத் தாண்டிப் பின்கதவைத் திறந்தால் ஒரு படி. கீழே துவைக்கிற கல், அதைச் சுற்றிலும் சலதாரை வரைக்கும் பாசி. அதைக் கடந்தால் கழிப்பறையின் குறடு முக்கால் அடி உயரத்தில். சுவிட்ச் பின்கதவுக்குப் பக்கத்தில், பல்பு கழிப்பறைக்குள். நடுவில் இருட்டு. தகரக் கதவு உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்தால் அவர் உடம்பே கதவுக்கு முட்டாக நின்றுவிடும், கதவைப் பெயர்த்துத்தான் தூக்க வேண்டும். உட்கார்ந்து எழும்போது கைக்கு எட்டுவது தண்ணீர்க் குழாய் ஒன்றுதான். அது பிளாஸ்டிக். பாரம் கொடுத்தால் கையோடு வந்துவிடும். புது வீடுகளில் பாத்ரூம் படுக்கையறையோடு சேர்ந்தே இருக்கிறது, ஆனால் தரையில் கண்ணாடி மாதிரி டைல்ஸ், வாசலில் கால் மிதிக்கும் துணி ஒன்று கீழே எதுவும் பிடிக்காமல் கிடக்கும். எந்த வீடும் கெட்ட வீடு இல்லை. நாற்பது வயதுக் காலுக்குக் கட்டிய வீட்டில் எண்பது வயதுக் கால் நடக்கிறது.

விழுந்த பதிவு வந்த பதினான்கு நாளுக்குள் 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோதெரபிஸ்ட் அந்த வீட்டுக்கு வர வேண்டும். முதியவரை நடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்: கட்டிலிலிருந்து கழிப்பறை வரை, இருட்டிலும் ஒருமுறை. பிறகு எழுதிக்கொடுக்க வேண்டும். கதவை வெளிப்பக்கம் திறக்கிறபடி மாற்று, சுவரில் இரண்டு கைப்பிடிக் கம்பி, குறட்டுக்கு முன்னால் பாதி உயரத்தில் ஒரு படி, வழி நெடுக ஒரு லைட், டைல்ஸ் மேல் சொரசொரப்பான பூச்சு, கட்டில் உயரம் முழங்கால் அளவு. எழுதிக்கொடுத்தால் மட்டும் போதாது. செய்து கொடுக்க ஆள் வேண்டும். ஒவ்வொரு உள்ளாட்சியும் ஒரு கொத்தனார், ஒரு வெல்டர், ஒரு எலக்ட்ரீசியனைப் பட்டியலில் வைத்து, ஏழை முதியவர் வீட்டில் இந்த வேலையை இலவசமாகவும் மற்றவர்கள் வீட்டில் நியாயமான கூலிக்கும் செய்து தர ஏற்பாடு செய்யட்டும். மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியத்தில் ஒருவர் வெல்டரைக் கூப்பிட முடியாது.

கோவையைச் சுற்றி ஓய்வுக்கால வில்லாக்கள் பல வந்துவிட்டன. அங்கே ஒவ்வொரு பாத்ரூமிலும் கைப்பிடி, படுக்கைக்குப் பக்கத்தில் அழைப்பு மணி எல்லாம் விற்பனை விளம்பரத்திலேயே இருக்கின்றன. இவை வேண்டும் என்பது இந்த ஊருக்குத் தெரியாத விஷயமில்லை என்பதற்கு அதுவே சாட்சி. பணம் கொடுத்து வாங்குகிறவருக்குக் கிடைப்பது தறிக்காரர் வீட்டுக்கும் வர வேண்டும். தூய்மை இந்தியா திட்டத்தில் வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் கொடுத்தீர்கள். கழிப்பறை வந்தது, பிடித்து எழக் கம்பி வரவில்லை. இனி அரசுப் பணத்தில் கட்டும் எந்தக் கழிப்பறையும் கம்பி இல்லாமல் முடிந்ததாகக் கணக்கு எழுதக் கூடாது. இடுப்பு முறிந்தால் அறுவைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் இடமுண்டு. முறியாமல் காக்கும் கம்பிக்கு அதில் இடமில்லை. இதை மாற்றச் சொல்கிறோம். வீட்டில் உள்ள இடர்களை நீக்கினால், ஏற்கெனவே விழுந்தவர்களைப் போன்ற அதிக ஆபத்துள்ளவர்களிடையே விழுவது 38 சதவீதம் குறைந்தது என்று 2023-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு காட்டுகிறது. கம்பிக்குச் செலவழிக்கும் பணம் வீண் அல்ல.

ஊன்றுகோல், வாக்கர் பற்றி ஒரு வார்த்தை. 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டத்தில் ஏழை முதியோருக்கு இவை இலவசம். முகாம் போட்டுக் கொடுக்கிறார்கள். ஆளுக்குத் தக்க உயரம் வைத்து, எந்தக் கையில் பிடிப்பது என்று சொல்லிக்கொடுக்காமல் கொடுத்த கோல் மூலையில்தான் நிற்கும். அடிப்பக்க ரப்பர் தேய்ந்தால் மாற்றிக்கொள்ள சூலூரிலேயே ஓர் இடம் வேண்டும். பாதம் மரத்தவர்களுக்கு மென்மையான ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பும் அங்கேயே கிடைக்கட்டும். கண்புரை அறுவைக்குத் தேதி கொடுக்கும்போது விழுந்தவரை முன்னால் எடுங்கள்.

பயிற்சி வேண்டும். இதைச் சாசனத்தின் கடைசியில் ஒரு வரியாக வைக்க மாட்டோம், ஏனென்றால் விழுவதைக் குறைப்பதில் இவ்வளவு உறுதியான ஆதாரம் வேறு எதற்கும் இருப்பது அரிது. 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019 காக்ரேன் தொகுப்பாய்வின்படி, உடற்பயிற்சி விழுவதை 23 சதவீதம் குறைக்கிறது. அதிலும் உதவுவது வெறும் நடைப்பயிற்சி அல்ல. சமநிலைப் பயிற்சியும் கால் பலப் பயிற்சியும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, ஒரு காலுக்கு முன் மறு காலை ஒட்டி வைத்து நடப்பது, பக்கவாட்டில் அடி எடுத்து வைப்பது, ஒற்றைக் காலில் நிற்பது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சித் திட்டம் இப்படித்தான் வீட்டிலேயே செய்யும்படி அமைந்தது.

நமக்கு இது ஒன்றும் அன்னியமில்லை. வள்ளி கும்மி ஆடுகிறவர்களைப் பாருங்கள். உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவதும், பக்கத்தில் அடி வைப்பதும், குனிந்து நிமிர்ந்து திரும்புவதும் அதில் நிறைந்திருக்கிறது. 2024-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பன் அவர்களுக்கு வயது 87. கும்மி ஆடினால் விழமாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை, அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் பிசியோதெரபிஸ்டும் கும்மி ஆசிரியரும் உட்கார்ந்து பேசினால், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஆடத்தக்க, எங்கள் முழங்காலுக்கு ஏற்ற பத்து அடவுகளை எடுக்க முடியும். பயிற்சி என்றால் வெட்கப்பட்டு வராத ஆத்தாக்கள் கும்மி என்றால் வருவார்கள். சமுதாயக் கூடத்திலும் கோயில் மைதானத்திலும் வாரம் மூன்று நாள், காலை வெயிலுக்கு முன், நாற்காலியும் குடிதண்ணீரும் வைத்து நடத்துங்கள். ஒரு மாதம் நடத்திப் படம் பிடித்துவிட்டு நிறுத்தினால் பலன் இல்லை, மாதக்கணக்கில் நடக்க வேண்டும்.

தோட்டத்துச் சாளைகளில் தனியாக இருப்பவர்கள் கதை வேறு. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்திலும், 2025-இல் சிவகிரி பக்கத்திலும் தோட்டத்து வீடுகளில் இருந்தவர்கள் கொலை செய்யப்பட்ட பிறகு, தனியே வாழும் முதியோர் விவரத்தைக் காவல்துறை திரட்டியது, ரோந்து போடுகிறது. கொலைகாரனுக்குப் பயந்து விவரம் எடுக்க முடிகிறதென்றால், அதே வீட்டில் விழுந்து விடியும் வரை தரையில் கிடப்பவருக்காகவும் எடுக்க முடியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் எழ முடியாமல் கிடந்தவர் அதிக ஆபத்துள்ளவர் என்று மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது. கிடந்தபடியே உடம்பு குளிர்ந்து, புண் வந்து, சிறுநீரகம் கெட்டுப் போனவர்கள் உண்டு. காவல்துறையும் சுகாதாரத் துறையும், முதியவரின் சம்மதத்தோடு, ஒரே பட்டியலை வைத்துக்கொள்ளட்டும். காலையில் ஒரு போன் போகட்டும், எடுக்காவிட்டால் அரை மணி நேரத்தில் ஆள் போகட்டும். முதியோர் உதவி எண் 14567 ஒவ்வொரு வீட்டுக் கதவு நிலையிலும் பெரிய எழுத்தில் ஒட்டப்படட்டும்.

விழுந்தவர் எழும் விதத்தையும் கற்றுக்கொடுங்கள். இது எந்தச் செலவும் இல்லாதது. பதறக் கூடாது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். இடுப்போ தொடையோ தாங்க முடியாமல் வலித்தால் எழ முயலாமல் கூப்பிட வேண்டும். வலி இல்லையென்றால் ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, நாலு காலில் தவழ்ந்து கட்டிலுக்கோ கனமான நாற்காலிக்கோ போக வேண்டும். இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி, மெல்ல எழுந்து திரும்பி உட்கார வேண்டும். எழுந்தவுடன் நடக்கக் கூடாது. எங்களில் பலருக்கு இதை யாரும் சொன்னதே இல்லை.

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் விழுந்ததை உங்களிடம் மறைக்கிறோம். மறைப்பதற்குக் காரணம் நீங்கள் அடுத்துச் சொல்லப்போவது எங்களுக்குத் தெரியும் என்பதுதான்: "தோட்டத்தை வித்துட்டு டவுனுக்கு வாங்க", "இனிமே எந்திரிக்காதீங்க, உக்காந்த எடத்துல இருங்க". பாசத்தில் சொல்கிறீர்கள். ஆனால் உட்காரவைத்தால் கால் தளர்கிறது, தளர்ந்த கால்தான் மறுபடி விழுகிறது. விழுந்தோம் என்று சொன்னால் கோபிக்காமல், எங்கே, எப்படி என்று கேளுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது பழத்தோடு ஒரு கைப்பிடிக் கம்பியும் வாங்கி வந்து, டிரில் போட்டுச் சுவரில் இறுக்கிவிட்டுப் போங்கள்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம் 20ஆம் பிரிவில் அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை சொல்கிறது. வரிசை இருக்கிற இடத்தில் நாற்காலியும் வேண்டும். நிற்கவைத்தே எங்களை விழவைக்காதீர்கள்.

இவற்றை முதலில் ஒரு வருடம் சூலூர் வட்டாரத்தில் செய்து பாருங்கள். அக்டோபர் 1 உலக முதியோர் தினம், மறுநாள் கிராம சபை. அந்தக் கிராம சபையிலும் பேரூராட்சி வார்டுக் கூட்டங்களிலும், இந்த ஊரில் அந்த வருடம் எத்தனை முதியவர்கள் விழுந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு ஆள் போனது, எத்தனை பேர் மறுபடி விழுந்தார்கள் என்ற மூன்று எண்களையும் எங்கள் முன்னால் வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
சூலூர் வட்டாரத்தில் வீட்டிலேயே வாழும் முதியோரும், அவர்களைப் பார்த்துக்கொள்வோரும்